மூன்று வலது

மெர்செதெஸ் ஊரின் தெருக்கள்
கட்டம் போட்ட நோட்டுத் தாள்.
ஓலெகாரியோ பெருத்தி அதில் பதினோரு வருஷம்
வலது பக்கம் மட்டுமே திரும்பி ஓட்டினார்.
ரொட்டிக் கடை இடப்பக்கம் என்றால்
ஒரு தெரு தள்ளிப் போய்
வலது, வலது, இன்னுமொரு வலது.
பிடிவாதம் என்றார்கள்.
கிழவர் வலதுசாரி ஆகிவிட்டார் என்று
ஆற்றங்கரை மதுக்கடையில் ஒரு பழைய கேலி.

அந்த ஓப்பலை மார்ச்சில் நான் வாங்கினேன்.
அறுபத்தோராம் வருஷத்து வண்டி,
பால் அதிகம் விட்ட காப்பி நிறம்.
'இடது இண்டிகேட்டர் எரியாது' என்றார்,
மதியம் கடை திறக்காது என்பதுபோல.

வெள்ளிக்கிழமை நகராட்சிச் சோதனை.
புதன் இரவு, வார்டு வேலை முடித்து
வெள்ளை உடுப்போடேயே கொட்டகைக்குப் போனேன்.

பல்பு நன்றாயிருந்தது. ஃபியூஸும்.
பிளாஷர் டப்பாவில் காதை வைத்தேன்:
வலதுக்கு டிக் டிக்,
இடதுக்கு வாயே திறக்கவில்லை.
உள்ளே ஒரு சின்னத் தகடு,
சூடேறினால் வளையும், ஆறினால் நிமிரும்.
அதன் கோபதாபத்தைத்தான்
'திரும்பப் போகிறேன்' என்று
தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.
இடப்பக்கம் அதைச் சூடேற்ற யாருமில்லை.

இரண்டு முதலைக் கிளிப், ஒரு பழைய பல்பு, ஓர் ஊசி.
நரம்பு கிடைக்காத கையில் தேடுவதுபோல
கம்பி கம்பியாகக் குத்திப் பார்த்தேன்.
ஸ்டியரிங் தண்டின் உறையைக் கழற்றியதும்
கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட கம்பி
நடுவில் இல்லை.
அறுந்ததல்ல, வெட்டியது.
நுனியில் துணி டேப், மூன்று சுற்று,
கடைசி ஓரத்தை மட்டும் மடித்து விட்டிருந்தார்
பின்னால் பிரிப்பவர்
நகத்தால் சுரண்ட வேண்டாம் என்று.

பிரித்தேன். முறுக்கி இணைத்தேன்.
சுவிட்சை இடதுக்குத் தள்ளியதும்
நீலமாய் ஒரு மினுக்கு,
ஃபியூஸ் போயிற்று.
கூடவே வலதும்.
பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தேன்,
பின் சுவரில் சிவப்பு விழவில்லை.
மிதித்த காலை எடுக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
மாத்தே ஆறிவிட்டது.

இடது முன்சக்கரத்துக்கு மேலே, சேற்றுக்குப் பின்னால்,
கம்பி நுழையும் ஓட்டையில்
ரப்பர் வளையம் பிஸ்கெட்டாய் உதிர்ந்திருந்தது.
அரை அரிசி அளவு செம்பு
தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்.
சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன்.
பிறகும் மங்கல்தான்:
ஆறு வோல்ட் வண்டி,
துருவுக்கு வரி கட்டியது போக மிச்சம்தான் விளக்குக்கு.
விளக்கின் அடித்தகட்டை
உப்புத்தாளால் தேய்த்தேன், உலோகம் சிரிக்கும் வரை.
விடியுமுன் எரிந்தது.
ஆரஞ்சு, இருட்டு, ஆரஞ்சு.

வியாழன் மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.
சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.
நீங்களா வெட்டினீர்கள்?
'இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்' என்றார்.
'நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று ஊருக்கே தெரியும்.
நிற்கிறேனா என்பதுதான்
பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.'
உரசிய இடத்தைத் தேடவில்லையா?
'குனிய வேண்டும். அந்த வருஷம் முழங்கால் சம்மதிக்கவில்லை.'
காலரைத் திருப்பிப் போட்டார்.
'அப்புறம் பழகிவிட்டது.'

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு.
முனையில் இடதுக்குத் தள்ளினேன்.
அவர் கை, தெரியாமல்,
'நேரே போ' என்று எழும்பி
மடிக்குத் திரும்பியது.

ஒரே திருப்பம்.
ரொட்டிக் கடை இன்னும் திறக்கவில்லை.
இத்தனை சீக்கிரம் வந்து அவருக்குப் பழக்கமில்லை.
காத்திருந்தோம்,
திரும்பி முடித்த பிறகும்
இடது டிக் டிக் என்றபடி.
தானாக அணைக்கும் பல் தேய்ந்திருக்கிறது.
அதை வெள்ளிக்குப் பிறகு பார்க்கலாம்.