நாற்பத்து மூன்றாவது போத்தல்

பொகவந்தலாவையில் ஜூன் மாதம்
பசை காயாது.
ஒட்டிய லேபல் வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்கும்,
திங்கள் கதவைத் திறந்தால்
முகம் குப்புறத் தரையில் கிடக்கும்.
மாப்பசை என்றால் கரப்பான் தின்னும்.
கோந்து என்றால் பூஞ்சணம் பிடிக்கும்.
ஹட்டனில் வாங்கிய செலோடேப்
அமில ஆவி பட்டு
ஓரத்தில் மஞ்சளாகிச் சுருண்டுவிடும்.

பதினோரு வருசமாய் இந்தச் சாவி என்னிடம்.
படித்துக்கொண்டது இவ்வளவுதான்:
பேனாவை நம்பாதே, ஈரம் கண்டால் மை ஓடிப்போகும்.
பென்சில் நிற்கும்.
எழுதிய பின் மேலே மெழுகுதிரியைத் தேய்.
ஊற்றும்போது லேபல் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும்,
வழிகிற துளி மற்றப் பக்கத்தால் போகும்.
இதை மட்டும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.
ஐதான நைத்திரிக்கமிலம்
இப்போது 'ஐதான நைத்தி'.

நாளைக்கு வலயத்திலிருந்து வருகிறார்கள்.
அதிபர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
ஜெசிந்தா டீச்சரும் நானும்
பழைய தவணைப் பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தைத்
தீப்பெட்டி அளவில் வெட்டுகிறோம்.
பெயர், செறிவு, திகதி.
எரிக்கும் என்றால் மூலையில் சிவப்பு முக்கோணம்.
மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில் வந்திருக்கிறது,
முதலில் சோடாவின் பெயரைச் சுரண்ட வேண்டும்.
எழுதுவதைவிட அதற்குத்தான் நேரம் போகிறது.

செப்பு சல்பேற்றுக்கும் லேபல் வேணுமா,
அந்த நீலம் போதாதா என்கிறாள்
பத்தாம் ஆண்டு டிலோஜினி.
நீலமாய் இருப்பதெல்லாம் அதுவா?
சரி மிஸ், என்று எழுதுகிறாள்.
அடுத்தது சோடியம் ஐதரொட்சைட்டு.
நடுவில் ஒரு ட் விட்டுவிட்டாள்.
கிழித்துப் போட்டு வேறு துண்டு கொடுத்தேன்.
அரை நிமிசம்.

அப்பா சொன்னது பூரணம்.
எழுதியவருக்குக் கேட்டது பூரணன்.
திருத்துவதற்கு மூன்று தரம் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.
ஒரு தரம் ஆள் இல்லை,
ஒரு தரம் அப்பாவின் மரணச் சான்றிதழ் கேட்டார்கள்,
மூன்றாம் தரம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.
விட்டுவிட்டேன்.
சம்பளம் இன்னும் பூரணனுக்குத்தான் வருகிறது.

மூன்றாம் தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால்,
கபில நிறப் போத்தல் ஒன்று.
முக்கால்வாசி இருக்கிறது.
வயிற்றில் பசைத் தடம்,
நகத்தளவு காகிதம்,
அதில் '...ற்று'.
சல்பேற்று, நைத்திரேற்று, காபனேற்று,
பாதி றாக்கை அப்படித்தான் முடிகிறது.
டிலோஜினி மூடியைத் திருகி மூக்கைக் கொண்டுபோனாள்.
கையைத் தட்டிவிட்டேன்,
கொஞ்சம் பலமாகவே.
டீச்சர் பாசிச்சாயத்தாளை எடுத்தார், திரும்ப வைத்தார்.
சிவப்பு என்றோ நீலம் என்றோ சொல்லும்,
பெயர் சொல்லாது.

காய்ச்சி வடித்த நீர் என்று எழுதிவிடுங்கள்,
ஒரு நாள்தானே, என்றார் அதிபர் வாசலில் நின்று.
எனக்கும் அப்படித்தான் இருந்தது,
மணி ஐந்தரை, கடைசி பஸ் ஆறுக்கு.
ஆனால் நாளை மறுநாள்
யாரோ ஒரு பிள்ளை அந்த நீரை எடுத்து
எதற்குள்ளோ ஊற்றும்.
லேபலை உள்ளங்கைப் பக்கம் பிடித்து,
நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

பென்சிலைச் சீவினேன்.

'தெரியாது.
திறக்க வேண்டாம்.
ஜூன் 11. பூரணம்.'

மறுநாள் அதிகாரி குனிந்து வாசித்தார்.
நாற்பத்து மூன்று போத்தலில்
இதில்தான் எழுத்து நேராக இருக்கிறது என்றார்.
சிரிக்கிறாரா என்று பார்த்தேன், தெரியவில்லை.
புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்,
தலைகீழாக வாசிக்க எனக்கு வராது.
பிறகு ஆளணிப் பட்டியலைப் புரட்டி,
பூரணம் யார், இங்கே பூரணன் என்றல்லவா இருக்கிறது
என்று கேட்டார்.

அதிபர் பதில் சொல்லத் தொடங்கினார்.
மழை தகரத்தில் இறங்கியது, ஒன்றும் கேட்கவில்லை.
நான் மெழுகுதிரியை எடுத்து
அந்த லேபலை இன்னொரு தரம் தேய்த்தேன்.