நான்கு வீட்டுத் தராசுகள்

இருபத்தேழு அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது கார்.
சனிக்கிழமை. லானிட்லோய்ஸில் மழை.
கையெழுத்து வாங்கிய லாரிக்காரன் கேட்டான்,
"அலமாரியா?"
"ஆமாம்" என்றேன்.
தெருவுக்கு அந்தப் பதில் போதும்.

எஞ்சின் வேறு வழியாக வந்தது,
ஆட்டுப்பட்டி வேலியில் மோதி நசுங்கிய
ஒரு மாஸ்டாவின் வயிற்றிலிருந்து.
அந்தக் காரின் டாஷ்போர்டு அறைக்குள்
யாரோ பல் மருத்துவரைப் பார்க்கவேண்டிய தேதி,
பாதி உருகிய புதினா மிட்டாய்.
எறிய மனம் வரவில்லை.
ரிவெட் டப்பாவில் கிடக்கின்றன இரண்டும்.

முதல் குளிர்காலம் முழுக்க
தகட்டில் துளை, துளையைச் சுற்றிப் பசை,
பசைமேல் ரிவெட்,
டக்.
எண்ணூற்றுப் பதினாறு டக்.
அதில் மூன்று கோணல்.
எவை என்று எனக்குத் தெரியும்.
உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

சோதனை நிலையத்தில் அதிகாரி
காரின் உடம்பெல்லாம் ஓர் உருண்டையை உருட்டினார்.
அது தொட்ட இடத்தில் எதுவும் கூராக இருக்கக்கூடாது.
ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.
முன்விளக்கின் அடியில் ஒரு நட்டைத் தொட்டார்,
குழந்தைக்கு நகம் வெட்டச் சொல்வதுபோல்
"இதை மூடிக்கொண்டு வாருங்கள்" என்றார்.
பத்துப் பென்ஸ் தொப்பி,
ஐந்து வாரக் காத்திருப்பு.

நம்பர் பிளேட் வந்தது.
அன்றோடு முடிந்தது என்று நினைத்தாள் டெலித்.
அன்றுதான் எனக்கு அந்த நோய் தொற்றியது.

அவள் மாவு நிறுக்கும் தராசில் போல்ட்டுகளை நிறுத்தேன்.
ஹீட்டரைக் கழற்றினேன்: நாலு கிலோ.
ஸ்டெப்னியைக் கழற்றினேன்.
கண்ணாடியை எடுத்துவிட்டு
உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வளைவு;
அதன்பின் மே மாதத்து வண்டுகளின் ருசி
வகைவாரியாகத் தெரிந்தது.
பேட்டரியை மாற்றியதில் ஏழு கிலோ மிச்சம்.
விலையைக் கேட்டாள்.
பாதியைச் சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
இடப்பக்கத்து இருக்கையைக் கழற்றினேன்.
ஒன்பது கிலோ இருநூறு.
வாசலில் கோப்பையோடு நின்றவள்
இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"டீ ஆறுகிறது" என்றாள்.
அவ்வளவுதான்.

சக்கரத்துக்குச் சக்கரம் பாரம் அளக்கவேண்டும்.
அதற்கான கருவி என் வசதிக்கு மேல்.
எனவே நாலு வீட்டுக் குளியலறைத் தராசுகள்,
நாலு பலகைகள், நாலு செங்கல்;
பாதிப் பாரம் செங்கல்லுக்கு, பாதி தராசுக்கு.
எலினெட் கொடுக்கும்போதே எச்சரித்தாள்:
"இது இரண்டு கிலோ குறைத்துச் சொல்லும்.
அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்."

உட்கார்ந்தால் எனக்கு முள் தெரியாது.
டெலித் குனிந்து குனிந்து படித்தாள், எழுதினாள்.
வலப்பக்கம் முப்பத்தொரு கிலோ அதிகம்.
ஸ்பிரிங்கைத் திருகினேன்.
திருகினால் மூலைக்கு மூலை மாறுமே தவிர
பக்கத்துக்குப் பக்கம் மாறாது;
தெரிந்தேதான் ஒன்றரை மணிநேரம் திருகினேன்.
பேட்டரியை இடப்பக்கம் தள்ளினேன்.
இன்னும் இருபத்திரண்டு.
காரில் கழற்றக் கனமாய் மிச்சமிருந்தது
நான்தான்.

அவள் நோட்டை மூடினாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பக்கவாட்டைத் தாண்டி உள்ளே இறங்கி
வெறும் அலுமினியத்தில் உட்கார்ந்தாள்.
அவள் எடையையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது யார் படிப்பது?
இருவரும் உள்ளே, முழங்கால் இடிக்க,
மழை கூரையைத் தட்ட,
எதிரே சுவரைப் பார்த்தபடி.

தன் தராசைக் கேட்க வந்த எலினெட்
எதுவும் விசாரிக்கவில்லை.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
நாலு முறை குனிந்தாள்.
"இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று" என்றாள்.
"என்னுடையதில் இரண்டு கூட்டிக்கொள்."

அந்த இரண்டை யாரும் எழுதவில்லை.
"தரை சில்லிடுகிறது" என்றாள் டெலித்.
இருக்கையின் நாலு போல்ட்டும்
எந்த டப்பாவில் என்று யோசித்தேன்.
மிட்டாய் இருக்கும் டப்பா.