வாய்

வெளியே தெற்கத்திக் குளிர்மழை.
நிகழ்ச்சி நிரலில் ஏழாவது: தண்ணீர்.
இருபத்து மூன்று வருடமாக வால்வு திருகும் பாவோரா
கடைசி வரிசையில், பூட்ஸில் சேறோடு.

குழாய்களை மண்டல நிறுவனத்திடம் ஒப்படைத்தால்
கடனும் கூடவே போகும் என்கிறார் மேயர் கிரெட்டா.
"நம் பாட்டன்கள் பதித்த குழாய்!"
வாய் கிழியக் கத்துகிறார் பால்பண்ணை டெஸ்மண்ட்.
பத்து பட்ஜெட்டிலும்
வரியை ஏற்றாதே என்று கை தூக்கியவர்.

வரைபடம் சரிதானா, ஆலோசகி கேட்கிறாள்.
எல்லாத் தலையும் பின்னால் திரும்புகிறது.
தேவாலயத் தெருக் குழாய்
காகிதத்தில் நேராகப் போகும்.
மண்ணுக்குள்
ஒரு வில்லோ மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.
மரத்தை எப்போதோ வெட்டியாயிற்று.
வளைவு இருக்கிறது.
எங்கே என்று அவன் முழங்காலுக்குத் தெரியும்.

அவன் மவோரி மொழியில்
தண்ணீருக்குப் பெயர் 'வாய்'.
யார் என்று கேட்கவும் அதே சொல்தான்.

தேநீர் இடைவேளை.
சமையலறைக் குழாய்மேல்
'கொதிக்க வைத்துக் குடிக்கவும்',
மூன்றாம் வருடம், ஓரம் சுருண்ட தாள்.
கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு. ஒப்படைப்பது என்று முடிவு.
யாரும் கை தட்டவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்கிறது:
தேவாலயத் தெருவில் ரோடு பொங்குகிறதாம்.
ஜூலை ஒன்றுக்குப் பிறகு இந்த அழைப்பு
யாருக்குப் போகும்?
கேட்க நினைத்தான்.
மேயர் எட்டாவதை வாசிக்கத் தொடங்கிவிட்டார்:
நாய் உரிமக் கட்டணம்.

வண்டியில் மண்வெட்டி.
பிடியில் கவுன்சில் முத்திரை,
பாதி தேய்ந்தது.