இடது காலுக்கு வேலை இல்லை

புதுப்பேட்டையில் பைக்கை விட்டுவிட்டு
ஹெல்மெட்டோடு நடந்து வந்தேன்.
கொடுக்க மறந்தேனா, மனம் வரவில்லையா,
இன்னும் தெரியவில்லை.
ஆறு வருஷம் பைக் டாக்ஸி.
ஸ்டான்லியில் ஸ்கேனை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
"பைக்கா, முதுகா, ஒண்ணைச் சொல்லு" என்றார் டாக்டர்.
முதுகைச் சொன்னேன்.

ஆட்டோவுக்கும் கைப்பிடிதான்.
ஆனால் கியர் இடது கைக்கு ஏறிவிட்டது,
பிரேக் வலது காலிடமே இருக்கிறது.
ஆறு வருஷம் கீழே தட்டி மேலே தூக்கி
செருப்பின் முனையைத் தேய்த்த இடது காலுக்கு
இனி வேலை இல்லை.
சிக்னல் விழுந்ததும்
அது வெளியே நீள்கிறது, தரையைத் தேடி.
"இன்னாண்ணா, எறங்கி நடக்கப்போறியா?"
பக்கத்தில் சாப்பாட்டுப் பை சுமந்த பையன் சிரிக்கிறான்.
ஊன்றாவிட்டாலும் விழமாட்டோம் என்று
கால் நம்புவதற்கு
இரண்டு மாதம் ஆனது.

வளைவு இன்னும் மோசம்.
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் உடம்பு தானாகச் சாய்கிறது.
வண்டி என்னைத் தெரியாததுபோல
நிமிர்ந்தே போகிறது.
பள்ளங்களும் அப்படித்தான்:
ஒற்றைக் கோட்டில் ஓடிப் பழகிய கண்
முன்சக்கரத்தைத் தப்பவைத்ததும் நிம்மதியாகிவிடும்.
பின்னால் இரண்டு இருக்கின்றன,
ஆளுக்கொரு பள்ளம் தேடிக்கொள்ள.

புரசைவாக்கத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு முழ அகலத்தில் சந்து திறக்கும்.
நான் அதில் நுழைந்து
அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகிறேன்.
வண்டியும் சவாரியும் மீட்டரும் மட்டும்
இங்கேயே நிற்கின்றன.

ஹெல்மெட்டுக்குள் எனக்கொரு அறை இருந்தது.
வாடகை கிடையாது.
கெட்ட வார்த்தை, கடன் கணக்கு,
ஒருநாள் ஸ்பென்சரிலிருந்து கிண்டிவரை அழுகை.
பின்னால் உட்கார்ந்திருந்தவர்
இறங்கிக் காசு கொடுத்து நன்றியும் சொன்னார்.
இப்போது உதடு அசைந்தால் கண்ணாடியில் தெரிகிறது.
"என்னப்பா சொன்னே?" என்றார் ஒரு அம்மா.
"வட்டிக் கணக்கும்மா."
"எவ்வளவு?"
சொன்னேன்.
அயனாவரம் வரும்வரை
எனக்குக் கடன் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டே வந்தார்,
நான் திட்டுவதைவிட நன்றாக.

வண்டி, காசிமேட்டு சவரிமுத்துவிடம் வாங்கியது.
பின்புறம் சிவப்பு எழுத்தில்
ஷைனி – பெனிட்டா.
அழித்து எழுத அறுநூறு கேட்டான் பெயின்டர்,
அடுத்த மாதம் என்றேன்.
"பொண்ணுங்களா?" என்றார் எழும்பூரில் ஏறியவர்.
இல்லை என்று விளக்குவதைவிட
ஆமாம் சின்ன வார்த்தை.
"யார் பெரியவ?"
"ஷைனி சார்."
தை மாதத்தில் அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.
ஆனியில் பத்தாவது போய்விட்டாள், கணக்கு மட்டும் வராது.
சின்னவளுக்கு இன்னும் மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.
நிஜத்தில் அவர்களுக்கு என்ன வயதென்று
சவரிமுத்துவுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.
போடவில்லை.
பெயின்டருக்கும் போடவில்லை.

நேற்றுதான் சுகந்தி முதல்முறையாக ஏறினாள்.
ஒன்பது வருஷம் என் தோளைப் பிடித்து வந்தவள்
மூன்றடி பின்னால் உட்கார்ந்திருந்தாள்.
தோள் காலியாக இருந்தது.
ஆனால் கண்ணாடியில்
ஓட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.
ஏறுமுன் வண்டியைச் சுற்றி வந்திருந்தாள்,
பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள்.
ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
நான் அதில் சில்லறை போட்டு வைத்திருக்கிறேன்,
குலுங்கியது.

டவுட்டன் சிக்னலில், வெளியே பார்த்தபடி,
"ரெண்டாவது பேரு நல்லா இருக்கு" என்றாள்.

பச்சை விழுந்ததைப்
பின்வண்டிக்காரன்தான்
ஹாரன் அடித்துச் சொன்னான்.