ஒற்றைச் செவிக்காரியின் ஸ்டீரியோ

டுலூத் துறைமுகத்து இழுவைப் படகுகளில்
முப்பது வருடம் எஞ்சினோடு குடித்தனம்.
பதினெட்டாம் வருடம் காற்றழுத்தக் குழாய் ஒன்று வெடித்து
இடச்செவியை எடுத்துக்கொண்டு போனது.
இடம் என்று பெயர், உள்ளே வெற்றிடம்.
டாக்டர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அதற்கப்புறம்தான் ஸ்டீரியோ வாங்கினேன்.

ஹிப்பிங்கில் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சாமான் விற்பனை.
பனிச்சறுக்குக் கட்டைக்கும் டோஸ்டருக்கும் நடுவே
பதினைந்து கிலோ இரும்பு, நாற்பது டாலர்.
மூன்று டிரான்ஸ்பார்மர், ஏழு வால்வு.
அறுபத்தொன்றில் யாரோ கிட் வாங்கி
சமையல் மேசையில் வைத்துப் பூட்டியது.
கவிழ்த்துப் பார்த்தால் தகட்டில் பென்சில் எழுத்து:
“படி 84. மறுபடி பார்.”
பார்க்கவில்லை.
இடச்சானலின் எர்த் இணைப்பு அது.
ஈயம் ஒட்டியும் ஒட்டாமலும்
என் கல்யாணத்தைவிட
ஐம்பத்தைந்து வருடம் கூடுதலாகத் தாங்கியிருக்கிறது.

சுவிட்சைத் தட்டியதும் பாடிவிடாது.
கண்ணாடிக்குள் ஒரு கம்பி சிவக்கும்,
தூசி கருகும் மணம் வரும்,
பூனை வந்து அண்டிப் படுக்கும்,
அதற்குப் பிறகுதான் குரல்.
நாலு வருடம் அப்படியே கேட்டேன்.
பிறகு ஆசை வந்தது, புது உறுப்புகள் மேல்.

பாலம் தாண்டி வெண்டலின் கடை.
“ரெண்டு சானலுக்குமா?” என்றான்.
என் காது அவனுக்குத் தெரியும்.
“ஒன்று போதுமே உனக்கு. பாதிச் செலவு.”
“ஒற்றைக் கண்ணனுக்கு
மூக்குக்கண்ணாடியை வெட்டிப் பாதியா தருவாய்?”
முழுசாகக் கட்டிக் கொடுத்தான்.

பிளக்கைப் பிடுங்கின பிறகும்
கண்டென்சருக்குள் நானூறு வோல்ட்
பேசாமல் உட்கார்ந்திருக்கும்.
அதை வடிய விடாமல் தொட்டவர்கள்
கதை சொல்லத் திரும்பி வருவதில்லை.
ஒரு கை எப்போதும் பின்பையில் இருக்க வேண்டும்,
மின்சாரம் மார்பைக் கடந்து போகாமல்.
ஒற்றைக் கை வேலை, ஒற்றைச் செவிக்காரி.
பொருத்தம்தான்.

மெழுகு கசிந்த பழசுகளைக் காபி டப்பாவில் போட்டேன்.
84-ஐ உருக்கித் திரும்பப் பற்றவைத்தேன்,
ஈயம் பளபளவென்று உறைந்தது.
மீட்டரில் ஒன்று புள்ளி ஐந்து ஆறு வரும்வரை
திருப்புளியை நகத்தளவு, நகத்தளவு.

வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால்,
அறுபது சதம் என் ஆசை.
மீதி உண்மை:
டபுள் பாஸ் இப்போது
நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறது.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டினான்
அடுத்த வீட்டு ரொமெய்ன்.
இரவெல்லாம் பனி வழிக்கும் லாரி, பகலில் தூக்கம்.
“ஏன் நிறுத்திவிட்டாய்?”
“எதை?”
“அந்த ‘ம்ம்ம்’.”

பாட்டைச் சொல்லவில்லை அவன்.
பாட்டுக்கு அடியில், பாட்டு முடிந்த பிறகும்,
சுவர் வழியே கேட்டதை.
இடப்பெட்டி சாய்ந்திருப்பது அவன் சுவரில்.
அதற்கு நேரே என் வெற்றிடம்.
நாலு வருடம் என் வீட்டில் ஒன்று முனகியிருக்கிறது,
எனக்குத் தவிர ஒருவனுக்குக் கேட்டிருக்கிறது.

“நீதான் என்று நினைத்தேன்.
ஏதோ வேலை செய்துகொண்டே
வாய்க்குள் பாடுகிறாய் என்று.
தூக்கம் வரும்.”
பூட்ஸ் பனி என் கம்பளத்தில் உருகுவதைப் பார்த்து
மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

காபி டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.
நல்ல ஈயத்தைக் கெடுக்க
எஞ்சின்காரியின் கை வராது.

நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டேன்.
இப்போது இடப்பெட்டி என் வலச்செவிக்கு.
நாலு வருடமாகத் தெருக்கோடியில் நின்ற வயலின்கள்
வாசலுக்குள் வந்துவிட்டன.
தட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கினேன்.
சுவரருகே தலையைச் சாய்த்து
ம்ம்ம் என்றேன்.
நூற்றிருபது சுழற்சிக்கு என் தொண்டை இறங்காது,
ஒரு ஸ்தாயி மேலே.

அந்தப் பக்கம் ஒன்றும் அசையவில்லை.
தூங்கிவிட்டான் போல.