நூறுக்குச் சில்லறை

மதுரையில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
வட்டம் நன்றாகத்தான் போட்டார்.
பன்னிரண்டு எண்களும்
ஒரே பக்கம் ஏறிக்கொண்டன,
சந்தை நாள் பஸ் மாதிரி.

சீட்டில் பெயர் செய்யது இப்ராம்சா, வயது அறுபத்தொன்பது.
மாத்திரை இரண்டு.
மற்றபடி நடக்க வையுங்கள், யோசிக்க வையுங்கள்,
இரண்டையும் ஒரே நேரத்தில் என்றார் டாக்டர்.

செவ்வாய்தோறும் ஸ்கூட்டியில் வருகிறாள் நிறைமதி, பிசியோ.
நம்புதாளைக் கரையில், வெயில் ஏறுமுன்,
ஈரமணலில் கயிறு போட்டுக் கட்டம் பிரிக்கிறாள்.
ஓர் எட்டு வைத்தால் ஏழு குறையவேண்டும்.
"நூறிலிருந்து ஆரம்பிங்க ஐயா.
கால் நிக்கக் கூடாது."

நின்றது.

நடக்கச் சொன்னால் ஐஸ் கம்பெனி வரை நடப்பார்.
உட்காரவைத்துக் கேட்டால்
டீ ஆறுவதற்குள் ஐம்பதுக்கு இறங்கிவிடுவார்.
இரண்டும் சேரும்போது
எண்பத்தாறில் ஒரு கால் தூக்கியபடி
கொக்கு.

எங்களுடையது பெண்கடல்.
தாழைக் குப்பையை ஒதுக்கிவிட்டுச்
சத்தமில்லாமல் திரும்பிப் போகும்.
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
சொல்ல எண் இல்லை, வைக்க இடம் இல்லை.

மூன்று வாரம் இப்படி.
உங்களுக்கும் நல்லதும்மா என்றாள், நானும் கூட நடந்தேன்.
ஐம்பத்தொன்றில் நான் நின்றதை
நோட்டில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நாலாம் வாரம், நடுராத்திரியில் உறைத்தது:
இருபத்தொன்பது வருஷம்
இந்த மனுஷன் வேறென்ன செய்தார்?
ராமநாதபுரம் – தொண்டி.
உப்பூர் வளைவில் வண்டி ஒடியும்போது
கம்பியைத் தொடாமல் நின்று,
விரலிடுக்கில் நோட்டு, தோளில் பை,
இரண்டேகால் ரூபாய்க்குப் பத்தில் மீதி,
குழந்தைக்கு அரை டிக்கெட்,
படிக்கட்டில் தொங்குகிறவனுக்கு ஒரு திட்டு.
காலும் கணக்கும் அவருக்கு ஒரே உறுப்பு.

விடிந்ததும் ஆரோக்கிய லூர்துவிடம்
நண்டுப் பெட்டி பத்து வாங்கினேன்.
இரண்டு வரிசை, நடுவில் வழி.
முன்சீட்டில் நான், பின்னால் ஜெனோபர்.
வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பையன்கள்
சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.
விசிலை நீட்டினேன்.

வாய்க்கு வருமுன் உடம்புக்கு வந்துவிட்டது.
முட்டி தளர்ந்தது, பாதம் அகன்றது,
ஓடாத வண்டிக்கு இடுப்பு ஆடியது.
இரண்டு விசில்.

ஒருத்தன் வேண்டுமென்றே
உப்பூர் தாண்டித்தானே திருப்பாலைக்குடி என்றான்.
"உன்னை எவன்டா பஸ்ல ஏத்துனது?"
ஜெனோபர், ஏழு ரூபாய் டிக்கெட்டுக்கு
நூறு ரூபாயை நீட்டினாள்.
"ஆளாளுக்கு நூறை நீட்டினா
நான் என்ன பேங்கா நடத்துறேன்?"
திட்டிக்கொண்டே தொண்ணூற்று மூன்று என்றார்,
அடுத்த பெட்டிக்கு நகர்ந்தபடி எண்பத்தாறு என்றார்,
எழுபத்தொன்பது.
நிறைமதி பேனாவைக் கடித்தாள்.

எல்லா நாளும் பஸ் வருவதில்லை.
ஒரு வியாழன், ஒற்றை விசில் ஊதி
டயர் பஞ்சர், எல்லாரும் இறங்குங்க என்று
அவரே முதலில் இறங்கி
முழங்கால் தண்ணீர் வரை போய்விட்டார்.
பையன்கள்தான் பேசிப் பேசிக் கரையேற்றினார்கள்.
அன்று நோட்டைத் திறக்கவில்லை.

இன்று என் முறை.
"அம்மா, எங்க இறங்கணும்?"
பயணியிடம் கேட்பதா,
என்னைத் தெரியாமல் கேட்பதா?
கண்ணில் தேடினேன், பிடிபடவில்லை.
கடைசி நிறுத்தம் என்றேன்.
பிஸ்கட் தாளைக் கிழித்து, பின்னால் எழுதி,
"பாக்கி இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று
நடந்துகொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

எழுபத்திரண்டில் ஏழு போக
அறுபத்தாறு என்று இருக்கிறது.

நிறைமதி இன்று வரவில்லை, நான்தான் எழுதவேண்டும்.
நோட்டில் இரண்டு கட்டம்.
கணக்கு: தப்பு.
கால்: நிற்கவில்லை.