44/500

வெள்ளி மசிப் பேனாவில்
நான்தான் எண் எழுதுகிறேன்.
1/500. 2/500. 3/500.
அடுத்தது ஐந்து.

நான்கு வேண்டாம் என்றார் குவெக்.
பதினான்கும் வேண்டாம், இருபத்து நான்கும்.
நாற்பதுகள் மொத்தமும்.
நானூறுகள் ஒரு நூறும்.
சாவின் ஓசையுள்ள எண்ணை யார் வாங்குவார்,
அதுவும் நூற்று இருபத்தெட்டு வெள்ளி கொடுத்து?
விலையை எட்டில் முடிக்க மட்டும்
அவர் மறக்கவில்லை.

உபி தொழிற்பேட்டையில், ஆறாம் மாடியில்,
பக்கத்து அறையில் மீன் உருண்டை பொரிகிற வாசத்தில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஐந்நூறிலிருந்து நாலையெல்லாம் கழற்றினால்
மிஞ்சுவது முந்நூற்று இருபத்து நான்கு.
கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டது பார்.
குவெக்கிடம் சொல்லவில்லை.

விளையாட்டு காற்றில் வருவது.
ஒரு கோப்பி-ஓ விலைக்கு, கேட்பவர்க்கெல்லாம், தீராமல்.
தீராததை எப்படி எண்ணி விற்பது?
அதனால்தான் பெட்டி.
பெட்டிக்குள் கட்டைவிரல் உயர நீர்நாய் பொம்மை,
துணியில் அச்சிட்ட ஆற்று வரைபடம்,
என் கையெழுத்தில் சான்றிதழ்,
சுரண்டிப் பார்க்க ஓர் அட்டை.
சுரண்டினால் பன்னிரண்டு எழுத்து.
பன்னிரண்டு எழுத்துக்குப் பின்னால்
மழை.

முதலில் அது எல்லாருக்கும் பெய்தது.
ஸுல்ஹில்மி ஏழு மாதம் உட்கார்ந்து செய்த மழை.
நனைந்தால் நீர்நாயின் ரோமம் முள்முள்ளாய் நிற்கும்.
பாலத்தடியில் ஒதுங்கினால்
துளிச்சத்தம் மாறும்.
வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில்
கூட்டத்தில் முடிவானது: மழை போனஸ்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
ஒரு வரியை மாற்றினான்,
ஆம் என்றிருந்ததை இல்லை என்று.
அன்று தொடங்கி அந்த ஆற்றில் வெயில்.

சனிக்கிழமை சன்டெக்கில் எங்கள் மேசை.
எட்டுகள்தான் முதலில் போயின.
88ஐ வாங்கியவன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை,
என் கண்ணெதிரே படம் பிடித்து
முந்நூறு வெள்ளிக்கு இணையத்தில் போட்டான்.

கூட்டம் வடிந்தபின்
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்தார்.
பெயர்ப்பட்டையில் லோகாம்பிகை.
“நாப்பத்தி நாலு இருக்கா?”
இல்லை என்றேன்.
“வித்துப்போச்சா?”
பிறக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது.
சொன்னேன். சிரித்துவிட்டார்.
“நாலாவது மாடி, நாப்பத்தி நாலாம் நம்பர் வீடு எனக்கு.
மத்தவங்க பயந்து ஒதுங்குனதாலதான்
என் காசுக்கு எட்டுச்சு.”
எட்டுச்சு என்றபோது
அதற்குள் எட்டு இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

செங்காங் முனையத்தில்
அடுத்த ஓட்டத்துக்கு முன் பதினொரு நிமிடம் கிடைக்குமாம்.
அதில் நீர்நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவாராம்.
“எல்லாம் நல்லாத்தான் இருக்கு.
அந்த ஊர்ல மட்டும் ஏன் மழையே இல்ல?”

மேசைக்கடியில் எண் போடாத சான்றிதழ்கள் கிடந்தன.
பேனாவைத் திறந்தேன்.
44/500.
மசி காயும்வரை ஊதினேன்.
தள்ளுபடி தர எனக்கு அதிகாரம் கிடையாது.
ஐம்பது இரண்டு, பத்து இரண்டு,
இரண்டு வெள்ளித் தாள் நான்கு,
நீவி நீவி எண்ணி வைத்தார்.

இப்போது முந்நூற்று இருபத்தைந்து.
கணக்கின் வாலில் இருந்த நாலு
எழுந்து போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து செய்தி.
குறியீடு ஏற்றுக்கொண்டதாம், நன்றியாம்.
“மழை ஒன்றரை ஜிபி கேக்குது.
என் போன் பழசு. எதை அழிக்கிறது?”

ஸுல்ஹில்மியிடம் காட்டினேன்.
இரண்டு தரம் படித்தான்.
காதுக்கருவியை மாட்டிக்கொண்டு
சாயங்காலம்வரை எவரோடும் பேசாமல்
மழையைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கிக்கொண்டிருந்தான்,
இடியில் இவ்வளவு, தூறலில் இவ்வளவு.
பாலத்தடிச் சத்தத்தில் மட்டும் கைவைக்கவில்லை.
விளக்கணைக்கும் நேரத்தில் கேட்டான்:
“அவருகிட்ட எவ்வளவு இடம் இருக்காம்?”

கேட்டு எழுதியிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.
ஓட்டத்தில் இருப்பார்.